பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே ரோட்டின் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டிருந்தார். நானும் டாக்டரம்மாவும் ஜீப்பிலிருந்து இறங்கியதும், "நோட்டு சார் வந்தாச்சு, நோட்டு சார் வந்தாச்சு" என்று ஒரே பரபரப்பு. இந்த வட்டாரத்தில் என் பெயர் அதுதான். மாட்டு டாக்டர்கள் அளந்து சொல்கிற எண்களை நோட்டில் எழுதுவது என் வேலை. இருபத்தாறு வருஷத்தில் பதினோரு டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். இந்த டாக்டரம்மா பன்னிரண்டாவது. வயதில் என் மகளைவிட ஒன்றிரண்டு கூட இருக்கும், அவ்வளவுதான். கண்டிப்பில் என் மாமனாரைப் போல.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்பேனர் அண்ணனின் வீடும் மாட்டுக் கொட்டகையும். பத்தொன்பது மாடு. அந்தப் பக்கம் அவர்களுடைய புல் நிலமும் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கொட்டகையும். ஏழு மாடு, கூடவே அவர் சம்சாரம். நடுவில் இருபதடி ரோடு. நாலு மாதமாகப் புருஷன் இந்தப் பக்கம், பெண்டாட்டி அந்தப் பக்கம். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. எல்லாம் இரண்டு நம்பரால் வந்த வினை.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு பண்ணை நம்பருக்கு ஒரு புல் வெட்டும் மெஷின் என்று பால் சங்கத்தில் கொடுத்தார்கள். அண்ணனின் மூளை வேலை செய்தது. கொட்டகையைத் தன் பெயரில் ஒரு நம்பராகவும், எதிர்த்த நிலத்தைச் சம்சாரம் பெயரில் இன்னொரு நம்பராகவும் பதிந்து இரண்டு மெஷின் வாங்கிவிட்டார். ஒன்று ஓடுகிறது. இன்னொன்று உறைகூடப் பிரிக்காமல் மூலையில் நிற்கிறது. அதன்மேல் கோழி ஏறி உட்காரும். இத்தனை வருஷமாக அந்த இரண்டு நம்பரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாடுகள் காலையில் ரோட்டைக் கடந்து மேயப் போகும், சாயங்காலம் திரும்பி வரும். அவற்றுக்குத் தெரியுமா, தாங்கள் ஒரு பண்ணையிலிருந்து இன்னொரு பண்ணைக்குப் போய் வருகிறோம் என்று?

மேலே இரண்டு கிலோமீட்டரில் ஒரு பெரிய பண்ணையில் மாட்டுக் காசநோய் கண்டுபிடித்தார்கள். மூச்சில் பரவுகிற நோய். காய்ச்சாத பால் வழியாக மனுஷனுக்கும் வரும். அங்கே பதினான்கு மாடுகளை லாரியில் ஏற்றினார்கள். அந்த ரோட்டில் இருந்த எல்லாப் பண்ணைக்கும் உத்தரவு வந்தது. அறுபது நாள் இடைவெளியில் இரண்டு பரிசோதனை சுத்தமாக வரும்வரை ஒரு நம்பரிலிருந்து இன்னொரு நம்பருக்கு மாடு நகரக் கூடாது. உத்தரவை இந்த வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுத்தவன் நான்தான். பகல் பதினோரு மணி. ஏழு மாடு எதிர்ப்பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. மீதியை அப்போதுதான் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், அதுங்க ஏழும் சாயங்காலம் வந்துடும், நாளையிலேருந்து வெச்சுக்கலாமே?" என்றார் அண்ணன்.

"கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலேருந்து, அண்ணே. இதோ நேரம் எழுதியிருக்கேன்."

"ரோடுதானே சார் தாண்டணும்? நாலு எட்டு."

"நம்பர் தாண்டணும் அண்ணே."

அண்ணனின் சம்சாரம், எனக்கு அண்ணி, கையிலிருந்த கயிற்றைக் கம்பியில் கட்டினார். உள்ளே போனார். ஒரு தலையணை, ஒரு அடுப்பு, இரண்டு சேலை, டார்ச் லைட். அதோடு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். "ஏழு பொட்டப் புள்ளைங்களத் தனியா விட்டுட்டு இங்க படுத்துத் தூங்க என்னால ஆகாது. நீங்க இருக்கிறதப் பாத்துக்கோங்க" என்று அங்கிருந்தே கத்தினார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் பேச்சுவார்த்தை முழுக்க ரோட்டின் குறுக்கே, ஊர் கேட்க நடந்தது.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"மூக்கி இன்னைக்குப் பாலு கம்மியாக் குடுத்தா."

"தவிட்டக் கொஞ்சம் கூட்டு."

"உங்க நீலச் சட்டையத் தொவைக்காதீங்க, சாயம் போவும்."

"தொவைச்சுட்டேன்."

அதற்குள் ஒரு லாரி குறுக்கே போகும். அது போகும்வரை இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி காத்திருப்பார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கும். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நடுநடுவே யோசனை வேறு சொல்வார்கள்.

மனுஷர்கள் தாண்டலாம், தடை இல்லை. ஆனால் இரண்டு கேட்டிலும் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. ரப்பர் பூட்ஸை பிரஷ் போட்டுத் தேய்த்து, நனைத்து, அப்புறம்தான் கால் வைக்க வேண்டும். ஒரு பக்கத்து மாட்டைத் தொட்ட கையும் உடுப்புமாக மறுபக்கத்து மாட்டைத் தொடவே கூடாது. அண்ணி இதில் ரொம்பக் கறார். சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டு போகிற வேலை அவருடைய தம்பிக்கு, அதாவது அண்ணனின் மச்சானுக்கு. பால் வண்டி ஓட்டுகிறவன், நாற்பது வயது, வாய் மட்டும் ஓயாது. அவனையே அண்ணி தொட்டியில் நிறுத்தி, "குதிகாலத் தேய்டா, குதிகால" என்று அதட்டுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம் பெரிய மனுஷிக்கு. அது மாட்டின் பெயர். பதிமூன்று வயது. பிறந்த அன்றே தாய் செத்துப்போக, அண்ணி பாட்டிலில் பால் ஊட்டி வளர்த்த கன்று. இன்று அந்த வீட்டில் இருக்கிற மாடுகளில் பாதிக்கு மேல் அதன் மகளும் பேத்தியும்தான். அது இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. தினம் சாயங்காலம் கேட்டுக் கம்பியில் தாடையை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்தும். அண்ணி அங்கே கேட்டில் வந்து நின்று, "இருடி, வந்துடுவேன், இன்னும் கொஞ்ச நாள்" என்று பதில் சொல்வார். நாலு மாதமாக அவர் அதைத் தொடவில்லை.

முதல் பரிசோதனை சுத்தம். இரண்டாவதும் சுத்தமாக வந்தால் இன்றைக்கே கேட்டைத் திறந்துவிடலாம். ஒரு மாடு தவறினாலும் அது லாரிக்குப் போகும், மற்றவற்றுக்கு எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. லாரியும் வந்து டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. சட்டப்படி அது வரத்தான் வேண்டும். ஆனால் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி திங்கட்கிழமையைச் சொல்லியாக வேண்டும். சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

பரிசோதனை இப்படி. மாட்டின் கழுத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு இடத்தில் மயிரைக் கத்தரித்து, தோலை மடித்துப் பிடித்து அதன் கனத்தை மில்லிமீட்டரில் அளப்போம். பிறகு இரண்டு இடத்திலும் துளித்துளி மருந்து ஊசியில். மூன்று நாள் கழித்து, சரியாக எழுபத்திரண்டு மணி நேரத்தில், மறுபடி அளப்போம். திங்கட்கிழமை நாங்கள் ஊசி போட்டுக்கொண்டே போகையில் அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி என்னிடம் கேட்டார்.

"சார், மேல ஒண்ணு கீழ ஒண்ணு, எதுக்கு ரெண்டு?"

நான் நோட்டில் காது வில்லை நம்பரை எழுதிக்கொண்டிருந்தேன். பசி வேறு. "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு அண்ணே? வீங்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்" என்றேன்.

"வீங்கினா?"

"வீங்கினா லாரி."

இவ்வளவுதான் நான் சொன்னது. இருபத்தாறு வருஷ அனுபவம் பேசிய பேச்சு.

ஸ்பேனர் அண்ணனுக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் இளமையில் மோட்டார் ரிப்பேர் பார்த்தவர். சட்டைப் பையில் எப்போதும் நாலு ஸ்பேனர் இருக்கும். எதையும் அதில்தான் அளப்பார்; ஸ்பேனர் நம்பரும் மில்லிமீட்டர் கணக்குதான். கயிறு வாங்கப் போனால், "பன்னெண்டாம் நம்பர் கனத்துல குடுங்க" என்பார். கன்றுக்குட்டிக்குக் கொம்பு முளைத்தால் ஸ்பேனரை வைத்துப் பார்த்து, "பத்துக்கு வந்துடுச்சு" என்று அண்ணிக்குக் கத்துவார். ரொட்டித் துண்டு தடிமனாக இருந்தால்கூட, "என்னா இது, பத்தொன்பதாம் நம்பர்ல வெட்டியிருக்கே?" என்று மச்சானைக் கேட்பார். ஊர் சிரிக்கும். அவருக்கு அது விளையாட்டு இல்லை, பழக்கம்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

முதலில் அந்தப் பக்கம். டாக்டரம்மா அளவுக் கருவியோடு உள்ளே போனார். நான் பின்னால். மச்சான் கேட்டுக்கு வெளியே நின்று, நான் எழுதும்போது எட்டிப் பார்த்து ஊருக்கு ஒலிபரப்பு செய்தான்.

"மூக்கி! மேல ஏழு, கீழ ஏழு! சுத்தம்!"

டீக்கடையில் கைதட்டல்.

"சண்டைக்காரி! எட்டு, எட்டு! அடேய், டாக்டரம்மாவை முட்ட வராடா! சுத்தம்!"

ஏழும் சுத்தம். அண்ணி டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு ரோட்டுப் பக்கம் திரும்பினார். "ஏங்க! நம்ம ஏழும் பாஸு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடுகள் மிரண்டன. எதிர்ப்பக்கம் அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். அவர் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை. ராத்திரி தூக்கம் கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் பூட்ஸ் தேய்த்து, கை கழுவி, மேலங்கி மாற்றி இந்தப் பக்கம் வந்தோம். கொட்டகை கழுவிப் பளிச்சென்று இருந்தது. மாடுகளை வரிசையில் கட்டியிருந்தார். பெரிய மனுஷியைக் கடைசியில், சுவரோரமாக. அதன் தீவனத் தொட்டியில் இரண்டு கோழிகள் சாவகாசமாகப் படுத்திருந்தன.

"கோழி எத்தனை நாளா தொட்டியில படுக்குது?" என்றார் டாக்டரம்மா.

"அக்கா இருந்தவரைக்கும் ஒண்ணு உள்ள வராது டாக்டரம்மா, தொடப்பம் பறக்கும்" என்றான் மச்சான். "மாமா ஆட்சியில கோழிக்குத்தான் ராஜ வாழ்க்கை. தொட்டியிலேயே முட்டை. அதைத்தான் தெனம் அவிச்சு அக்காவுக்கு அனுப்புறாரு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அளக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. "சுத்தம்! சுத்தம்!" மச்சானின் குரல் ஏறிக்கொண்டே போனது. பத்து தாண்டியதும் டீக்கடையே எழுந்து கேட்டுக்கு வந்துவிட்டது. பதினைந்து. பதினாறு. எதிர்ப்பக்கம் அண்ணி கேட்டுத் தாழ்ப்பாளில் கை வைத்துத் தயாராக நின்றார். பதினெட்டாவதும் சுத்தம். ஒன்றுதான் பாக்கி.

டாக்டரம்மா பெரிய மனுஷியின் கழுத்தில் மேல் இடத்தை மடித்துப் பிடித்தார். "மேல், ஒன்பது."

திங்கட்கிழமை ஏழு இருந்தது. இரண்டு கூட. எழுதினேன்.

கீழ் இடத்தைப் பிடித்தார். கருவியைத் தளர்த்தி மறுபடி வைத்தார். "கீழ், பதினாலு."

நான் எழுதவில்லை. மச்சானும் ஒலிபரப்பவில்லை. திங்கட்கிழமை ஏழு. ஏழு மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது.

"எழுதுங்க சார்" என்றார் டாக்டரம்மா. மூன்றாவது தடவை அளந்தார். பதினாலுதான். தன் பெட்டியைத் திறந்து சிவப்புக் காது வில்லையையும் அதை மாட்டுகிற குறட்டையும் எடுத்தார். சிவப்பு வில்லை மாட்டின மாடு லாரியில் ஏறிய பிறகு திரும்பி வராது.

ரோட்டுக்கு அப்பாலிருந்து அண்ணியின் குரல். "என்ன நம்பரு? பெரிய மனுஷிக்கு என்ன நம்பரு? ஏண்டா தம்பி, வாயில என்ன கொழுக்கட்டையா?"

அண்ணன் மாட்டின் கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

அப்போதுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. கீழே ஊசி போட்ட இடம் காய்ந்து, தூசியோடு, இருக்க வேண்டியபடி இருந்தது. மேலே இருந்த இடம் மட்டும் பளபளவென்று மின்னியது. சுற்றி உள்ள மயிர் எண்ணெய் தடவி வாரிவிட்ட மாதிரி படிந்து கிடந்தது. நான் குனிந்து மோந்தேன். மடி வீக்கத்துக்கு நாங்களே கொடுக்கிற களிம்பு.

"அண்ணே," என்றேன், "மேல என்ன தடவினீங்க?"

"நான் எதுவும் தடவலியே."

"மின்னுது அண்ணே."

"எறும்பு கடிச்சிருக்கும் சார்."

"எறும்பு களிம்பு போட்டுட்டுப் போச்சா?"

டாக்டரம்மா குறட்டோடு நிமிர்ந்து பார்த்தார். "உண்மையச் சொல்லுங்க. இந்த இடத்தத் தொட்டீங்களா? தொடக் கூடாதுன்னு திங்கக்கிழமையே சொன்னேன் இல்ல?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல." கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றினார். பயந்துபோயிருந்தார். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. வீக்கத்தை மறைத்தான் என்று தெரிந்தால் இன்னும் பெரிய வம்பு, எல்லா மாட்டையும் ஏற்றிவிடுவார்கள் என்று நினைக்கிறார். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் மற்ற பதினெட்டையும் காப்பாற்றும் என்று பிடிவாதமாக நிற்கிறார்.

மச்சானுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கேட்டுக்கு ஓடினான். "அக்கா! நீ வா! மாமா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு, பெரிய மனுஷிக்குச் சிவப்பு மாட்டப் போறாங்க!"

அண்ணி வந்தார். ஆனால் எப்படி வந்தார் என்று கேளுங்கள். உயிர் போகிற அவசரம், கண்ணில் தண்ணீர். அப்படியும் அந்தப் பக்கத்துத் தொட்டியில் நின்று பூட்ஸைத் தேய்த்தார். மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டினார். ரோட்டைத் தாண்டினார். இந்தப் பக்கத்துத் தொட்டியில் நின்று மறுபடி தேய்த்தார். குதிகால், விரல் பக்கம், அடி. கையை முழங்கை வரை கழுவினார். கூட்டம் முழுக்க பார்த்துக்கொண்டிருந்தது. லாரி டிரைவர்கூட இறங்கி வந்து நின்றார். இரண்டு நிமிஷம் இருக்கும். எனக்கு இரண்டு வருஷமாகத் தெரிந்தது.

பெரிய மனுஷி அவரைப் பார்த்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. அண்ணி கை நீட்டினார், சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். அவர் ஏழு மாட்டைத் தொட்டு வந்தவர். ஒரு கை தூரத்தில் நின்று அதன் முகத்தைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார்.

"என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"பையில என்ன?"

"என்ன பையில? எப்பவும் இருக்கிறதுதான்."

"எடுங்க."

அவர் எடுத்தார். நாலு ஸ்பேனர். பத்து, பதினாலு, பதினேழு மூன்றின் வாயிலும் களிம்பு ஒட்டியிருந்தது. அதில் மாட்டு மயிர் இரண்டு.

அண்ணி அதைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. நாலு மாதத்தில் அந்த இரண்டு பேரும் சத்தம் போடாமல் பேசி அன்றுதான் கேட்டேன். "சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல. நான் இருக்கேன்ல?"

அண்ணன் குழந்தை மாதிரி அழுதுவிட்டார்.

"செவ்வாக்கெழமை சாயங்காலம் பாத்தேன். மேல எலுமிச்சம்பழமாட்டம் வீங்கிடுச்சு. கீழயும் கொஞ்சம் இருந்துச்சு. ஆனா மேலதான் பெருசு. ஸ்பேனர வெச்சுப் பாத்தேன், பதினேழு கச்சிதமா உக்காருது. வீங்கினா லாரின்னு சார் சொன்னாரே. எனக்கு உசுரே போயிடுச்சு. நீ வளத்தது. உனக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? துணிய வெந்நித் தண்ணியில நனச்சு ஒத்தடம் குடுத்தேன். களிம்பு போட்டேன். மணிக்கொரு தடவ. புதங்கெழமை மத்தியானம் பதினாலுக்கு வந்துச்சு. இன்னைக்குக் காலையில பத்து லூசாவே போச்சு. கீழயும் போடலாம்னு பாத்தேன், களிம்பு தீந்துபோச்சு. டாக்டரம்மா, தப்பு என்னுது. அந்த வாயில்லா ஜீவன் என்ன பண்ணும்? வேணும்னா என்ன ஏத்துங்க லாரியில."

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் குறட்டைத் தாழ்த்தினார். பிறகு மெதுவாக, "மேல பதினேழா? கீழ எவ்வளவு, அப்ப?" என்றார்.

"கீழ என்னைக்கும் பதினாலுதாம்மா. அது ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல."

"நிச்சயமா? மேலதான் பெருசா இருந்துச்சா?"

"ஸ்பேனர் பொய் சொல்லாதும்மா."

டாக்டரம்மா குறட்டைப் பெட்டியில் போட்டு மூடினார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. "ஐயோ, நீங்க என்ன வேலை பண்ணி வெச்சிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? மேல போடுறது கோழி, குருவியோட காசத்தக் கண்டுபிடிக்கிற சோதனை மருந்து. கீழ போடுறதுதான் மாட்டுக் காசத்துக்கு. பறவை எச்சத்துல இருக்கிற கிருமி ஒட்டின மாட்டுக்கு ரெண்டும் வீங்கும். மேல பெருசா, கீழ சின்னதா வீங்கினா அதுக்கு மாட்டுக் காசம் இல்லன்னுதான் அர்த்தம். மேல இருக்கிற வீக்கம்தான் அதைக் காப்பாத்துற சாட்சி. அந்தச் சாட்சிக்குத்தான் மூணு நாளா ஒத்தடம் குடுத்திருக்கீங்க!"

எல்லோரும் தொட்டியில் படுத்திருந்த கோழிகளைப் பார்த்தார்கள். அவை கண்ணை மூடிக்கொண்டிருந்தன.

"அப்ப... வீங்கினது நல்லதா?" என்றார் அண்ணன். கண்ணீர் வடிந்தபடியே வாய் பிளந்திருந்தது.

"மாமா, மூணு நாளைக்கு சும்மா இருந்திருந்தா பெரிய மனுஷி பாஸு" என்றான் மச்சான். "உன் அன்புதான் அவளை லாரிவரைக்கும் கொண்டு போச்சு."

இனியும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் மனுஷன் இல்லை. "மேடம்," என்றேன், "அவர் மேல எதுக்கு, கீழ எதுக்குன்னு என்கிட்டதான் கேட்டாரு. வீங்கக் கூடாது, வீங்கினா லாரின்னு நான்தான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. ஒரு நிமிஷம் நின்னு வெளக்கியிருந்தா இவ்வளவும் இல்ல."

சொல்லி முடித்ததும் காது சுட்டது. அண்ணி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

டாக்டரம்மா ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை விரித்தார். "ஸ்பேனர் அளவை நான் எழுத முடியாது. ஆனா தொட்ட எடத்த அளந்ததும் செல்லாது. செல்லாத அளவ வெச்சு ஒரு மாட்ட ஏத்தவும் முடியாது. இந்த மாட்டுக்குப் பரிசோதனை ரத்து. அறுபது நாள் கழிச்சு மறுபடி. அதுவரைக்கும் தனியாக் கட்டணும், இந்தப் பக்கத்து நம்பர் பூட்டியே இருக்கும். களிம்பு தடவினதுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு போவும். நோட்டு சார், நீங்களே எழுதுங்க. முதல் வரியில நீங்க சொன்னத எழுதுங்க, ரெண்டாவது வரியில அவர் செஞ்சத."

எழுதினேன். அவ்வளவு கஷ்டப்பட்டு இரண்டு வரி நான் எழுதியதே இல்லை.

லாரி காலியாகக் கிளம்பியபோது கூட்டம் போட்ட சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். டீக்கடைக்காரர் எல்லோருக்கும் ஒரு சுற்று டீ போட்டார். டிரைவருக்கு ஜன்னல் வழியாகக் கொடுத்தார். நடுவில் அண்ணி திடீரென்று டம்ளரைக் கீழே வைத்தார்.

"இருங்க டாக்டரம்மா. என் பக்கம் ஏழும் சுத்தம்தானே?"

"சுத்தம். உங்க நம்பருக்குத் தடை போச்சு. உங்க மாடு இனி எங்க வேணும்னாலும் போவலாம்."

"வீட்டுக்கு?"

"வீடு பூட்டின நம்பர். அதுக்கு மட்டும் போகக் கூடாது."

அண்ணி ரோட்டின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துப் புருஷனிடம் திரும்பினார். "உலகம் பூரா போவலாமாம், வீட்டுக்கு மட்டும் வரக் கூடாதாம். கேட்டுக்கோங்க. ரெண்டாவது மெஷினு வாங்கின ஆளு." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் சிரித்தார். இருவரும் சேர்ந்து அழுதார்களா சிரித்தார்களா என்று சொல்லத் தெரியவில்லை. போகும்போது அண்ணி நாலு ஸ்பேனரையும் பிடுங்கி, தொட்டி மருந்தில் கழுவி, எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த அறுபது நாளும் நான் வாரம் ஒரு தடவை போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கோழிக்குக் கம்பி வலையில் தனிக் கூடு வந்தது. தீவனத் தொட்டி சுண்ணாம்பு அடித்து வெளுத்திருந்தது. வழியில் இருந்த மற்ற பண்ணைகளிலும் நின்று, மேல் ஊசி எதற்கு, கீழ் ஊசி எதற்கு என்று கேட்காதவர்களுக்கும் விளக்கினேன். "நோட்டு சாருக்குப் பேச்சு வந்துடுச்சு" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும்.

மறுபடி ஊசி போட்ட திங்கட்கிழமையிலிருந்து அண்ணன் கொட்டகைக்குள் போகும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனாராம். பால் கறக்க மட்டும் அவிழ்ப்பார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரோட்டின் குறுக்கே கத்தினார்.

"வீங்குது! மேல நல்லா வீங்குது!"

"கீழ?"

"கம்மிதான்!"

"தொட்டீங்களா?"

"கண்ணாலதான்!"

டீக்கடையே கைதட்டியது. ஒரு மாட்டுக்கு வீக்கம் வந்ததற்கு ஊரே சந்தோஷப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை. பதினெட்டும் மறுபடி சுத்தம். கடைசியில் பெரிய மனுஷி. டாக்டரம்மா கருவியை வைத்தார். நான் பேனாவை இறுகப் பிடித்தேன்.

"மேல், பதினெட்டு. கீழ், பதினொண்ணு."

எழுதினேன். இந்த முறை மச்சானை முந்திக்கொண்டு நானே கத்திவிட்டேன். "பதினெட்டு, பதினொண்ணு! பெரிய மனுஷி பாஸு!"

டாக்டரம்மா தாளில் கையெழுத்துப் போட்டு நேரம் எழுதினார். பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். மச்சான் ரோட்டின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினான். அண்ணி அந்தப் பக்கத்துக் கேட்டை விரியத் திறந்தார்.

ஏழும் நகரவில்லை. ஆறு மாதத்தில் அவற்றுக்கு அதுவே வீடாகிவிட்டது. சண்டைக்காரி ரோட்டைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள், புல்லுக்கே திரும்பினாள். மூக்கியை அண்ணி பின்னாலிருந்து தள்ளினார். மூக்கி சாணி போட்டாள். நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அதற்குள் இந்தப் பக்கம் பெரிய மனுஷி கேட்டுக்கு வந்துவிட்டது. அண்ணன் கயிற்றை விட்டுவிட்டார். அது தொட்டித் தண்ணீரில் நாலு காலையும் நனைத்து, அவசரமே இல்லாமல் இருபதடி ரோட்டைத் தாண்டிப் போய் அண்ணியின் முன்னால் நின்றது. கழுத்தை நீட்டியது. வீக்கம் இன்னும் எலுமிச்சம்பழமாகத் தெரிந்தது.

அண்ணியின் கை பாதி தூரம் வந்து அப்படியே நின்றுவிட்டது. இத்தனை நாள் பழகிய பயம். கூட்டத்துக்குமேல் எட்டி, இந்தப் பக்கம் நின்ற எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"நோட்டு சார்! இப்பத் தொடலாமா?"

"தொடுங்கம்மா!" என்றேன். நோட்டை மூடினேன். "நல்லாத் தொடுங்க!"